விலை கேட்ட பொடி இறால்

"ஸ்பெயின்ல என்னைத் தேடித் தேடி வாங்குவாங்க. இத்தாலியில விருந்துன்னா நான்தான்" என்று எந்நேரமும் பீற்றிக்கொள்ளும் சிவப்பு இறால், அன்று வலைக்குள் வாயடைத்துக் கிடந்தது. கூடவே மாட்டிய பொடி இறாலுக்கோ ஒரே சந்தோஷம்.

"எனக்கும் நல்ல விலை கிடைக்குமா அக்கா?"

வலை மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் கண்ணிகளில் பொடி இறால் மட்டும் நுழைந்து போக இடமிருந்தது.

"உனக்கா? எந்த நாட்டுலயும் உன்னைச் சீண்ட ஆளில்லை. போ வெளியே" என்றது சிவப்பு இறால்.

"நீயும் இப்படிச் சொல்லிட்டியே அக்கா" என்று அழுதுகொண்டே பொடி இறால் கண்ணி வழியாக நழுவிக் கடலுக்குள் போனது.

அது மறையும்வரை சிவப்பு இறால் பார்த்துக்கொண்டே இருந்தது. நெதர்லாந்தில் பொடி இறாலுக்குத் தனி மவுசு என்பது அதற்கு நன்றாகவே தெரியும்.