பயிற்சியில் தடித்த இதயம்

குத்துச்சண்டைப் பயிற்சியாளர் டாக்டரின் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். மேசையிலிருந்த பிளாஸ்டிக் இதயம் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

“நாளைக்கு ஃபைனல். என் சாம்பியன் மோதக் கூடாதுன்னு சொல்ல நீ யாருய்யா?”

“இதயச் சுவர் தடிச்சிருக்கு. கடும் பயிற்சியாலயும் தடிக்கும், நோயாலயும் தடிக்கும். நோய்னா மேடையிலேயே உயிர் போயிடும்.”

“நோயா? தினமும் நான் பிழிஞ்செடுக்கிற உடம்புய்யா அது. புஜத்துல ஏறுற சதை நெஞ்சுல ஏறாதா?”

முஷ்டி இறங்கியது. டாக்டரின் மூக்கில் ரத்தம் வழிந்தது.

“அப்ப மூணு மாசம் பயிற்சியை நிறுத்திப் பார்ப்போம். பயிற்சியால வந்த தடிப்புன்னா தானா குறைஞ்சிடும். குறையலேன்னா நோய்தான்.”

பரிசோதனைக் கட்டிலில் படுத்திருந்த சாம்பியன் எழுந்து வந்து, பயிற்சியாளரின் தாடையில் ஓங்கிக் குத்தினான். அவர் அசையக்கூட இல்லை. குத்தியவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

“நான் பயிற்சி பண்ணி ஆறு மாசமாச்சு டாக்டர். எதிராளிங்களை எல்லாம் மாஸ்டர் முன்னாடியே விலைக்கு வாங்கிடுவாரு. உனக்கெதுக்குடா பயிற்சின்னு வீட்டுலயே உட்கார வெச்சுட்டாரு.”

பயிற்சியாளரின் கை டாக்டரின் காலரிலிருந்து நழுவியது.

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அந்த மூணு மாசச் சோதனை ஏற்கனவே முடிஞ்சுபோச்சு தம்பி. மெதுவா உட்காருங்க.”