டைனோசர் போர்வை

"டெஸ்ஸா, ஆடாம இரு கண்ணு. இதோ முடிஞ்சுது."

வெண்டல் மண்டியிட்டு, பூப்போட்ட போர்வையை நாலு பக்கமும் மெல்ல இழுத்துச் செருகினான். அடுத்தது நோலன். நோலனுக்கு என்றால் டைனோசர் போர்வைதான், வேறு எதுவும் ஆகாது.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ரொட்டித் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஹார்வி.

"எங்கேய்யா இருக்கே? ஷிப்ட் ஆரம்பிக்கப்போவுது."

"இன்னிக்கு வர முடியாது ஹார்வி, கோச்சுக்காதீங்க. ராத்திரி குளிர் ஜீரோவுக்குக் கீழே போகுமாம். டெஸ்ஸாவையும் நோலனையும் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

"மே மாசக் குளிருக்கெல்லாமா லீவு? வின்னிபெக் பனியில பொறந்து வளந்தவன் பேசற பேச்சா இது? வீட்டுல ஹீட்டர் ஓடலியா?"

"ஹீட்டர் நல்லாத்தான் ஓடுது. போர்வை நழுவிப் போச்சுன்னா மறுபடி போர்த்திவிட ஆள் வேணும்ல?"

"இதே பாட்டை இன்னொரு தடவை பாடினே, நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன், ஆமா." சொல்லிவிட்டு ஹார்வி பெருமூச்சு விட்டார். கோபம் அதோடு இறங்கிவிட்டது. "சரி, நானும் நாலு பெத்தவன்தான். சின்னதுங்க எப்படி இருக்கு?"

"டெஸ்ஸா பரவாயில்லை. நோலன்தான் காலையிலேருந்து தலை தொங்கிப் போயிருக்கான்."

"ஐயோ பாவம். பக்கத்துலயே இருந்து பார்த்துக்கோ."

வெண்டலுக்குக் கூச்சமாக இருந்தது. சிடுமூஞ்சி ஹார்வி இத்தனை அக்கறையாகக் கேட்பார் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

போன சனிக்கிழமை வீடு இப்படியா இருந்தது! தோட்டத்தில் மூன்று பேரும் பெட்டூனியா பூச்செடிகளை நட்டார்கள். பாதி மண் குழிக்குள் போனது, மீதி மண் டெஸ்ஸாவின் தலையில். ஆறு வயது நோலன் ஒரு மண்புழுவைப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது இனிமேல் தன் தம்பி என்று அறிவித்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த பக்கத்து வீட்டு ஐரீனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, மே மாச லாங் வீக்கெண்டுக்கு முன்னாடி எவனாவது பூச்செடி வைப்பானா? ஒரு பனி விழுந்தா அத்தனையும் கருகிடும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும் ஐரீன். பசங்க கூட இருக்கறப்பதானே நட முடியும்?"

ஐரீன் அதற்குமேல் கேலி செய்யவில்லை. உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குச்சி ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐஸ் தின்ற குச்சியில் செடியின் பெயரை எழுதி மண்ணில் குத்தி வைக்கலாம் என்றான் வெண்டல். நாலு வயது டெஸ்ஸா நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாகத் தன் பெயரையே எழுதினாள்.

"செடி பேரை எழுதணும்டா செல்லம்."

"இது என் செடி. இதுக்கு என் பேர்தான்."

நோலன் மட்டும் விடுவானா? அவனும் தன் செடிக்குத் தன் பெயரையே எழுதினான்.

"அப்பா, இது எப்ப நிறைய பூக்கும்?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"ஜூன் கடைசியில. ஸ்கூல் லீவு விட்டதும்."

"அதுவரைக்கும் செத்துப் போயிடாதே?"

"அப்பா விடவே மாட்டேன்."

சொல்லிவிட்டான். பிள்ளைகளிடம் சொன்ன சொல்லில் இந்த ஒன்றையாவது காப்பாற்றியாக வேண்டும்.

இருட்டத் தொடங்கியது. வெண்டல் சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் மக்ரோனியைப் போட்டு, நின்றபடியே தின்றான். வழக்கமாக இந்த நேரத்தில்தான் பல் தேய்க்க மாட்டேன் என்ற சண்டை நடக்கும். யார் முதலில் குளிப்பது என்று இரண்டும் கதவை உதைக்கும். இப்போது ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கனமான கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

நினைத்தது சரிதான். டைனோசர் போர்வை ஒரு ஓரம் விலகிக் கிடந்தது. "இதுக்குத்தான் சொன்னேன் நோலன்" என்று முணுமுணுத்தபடி அதைச் சரிசெய்தான். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். விடியும்வரை இங்கேதான். இந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. விவாகரத்துக்குப் பிறகு ரெஜைனா நகருக்குக் குடிபோய்விட்ட முன்னாள் மனைவி.

"உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம ஒருத்தி தூங்க மாட்டாளாம். ரெண்டே நிமிஷம், சரியா?"

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு, கொட்டாவியோடு ஒரு சின்னக் குரல்.

"அப்பா, இங்க அம்மா என்னைப் போர்த்தி விட்டுட்டா. அங்க தோட்டத்துல இருக்கற என்னை நீ போர்த்திட்டியா?"