எப்பவும் ரெண்டாவது

"என்ன ராக்ஸி, பொம்மைக்குச் சாவி குடுத்தாச்சா?"

க்ளிஃப் ஸ்டாஃபர் இப்படிக் கேட்டதும், துப்பாக்கி சுடும் போட்டிக்காக வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். டுவேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மனைவி ராக்ஸி கையில் இருந்தது, பழைய ராணுவக் கார்பைன் துப்பாக்கி மாதிரியே இப்போது செய்து விற்கிற நகல். பழசுக்குக் கேட்கிற விலையில் பாதிதான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவளுக்கு அதுவே பெரிய சமாச்சாரம். பென்சில்வேனியா மலையடிவாரத்து அந்த கிளப்பின் விதியில் நகலுக்கும் இடம் உண்டு. கிளப் பெரிசுகளின் மனசில்தான் இல்லை.

"நான் குடுத்தாச்சு க்ளிஃப். உனக்கு யாராவது குடுத்தாங்களா? இந்த வருஷமும் ரெண்டாவதுதானா?"

இப்போது சிரிப்பு க்ளிஃப் பக்கம் திரும்பியது. ஒன்பது வருஷமாக அவனுக்கு ரெண்டாவது இடம். கடைசி வரை முன்னால் இருப்பான், கடைசிக் குண்டில் கோட்டை விடுவான். வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

"சிரிங்க, சிரிங்க. என் கையில இருக்கிறது அசல். எங்கப்பா கொரியாவுல சண்டை போட்டுட்டு வந்து, அரசாங்க விற்பனையில வாங்கினது. உங்க புதுச் சரக்கு இல்ல."

பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த அவன் அப்பா மெர்ல், தொண்ணூற்றிரண்டு வயசு, "ஆமா! என் துப்பாக்கி!" என்று தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

நூறு கஜம், நாற்பது குண்டு. ராக்ஸி அலட்டிக்கொள்ளாமல் சுட்டாள். க்ளிஃப் முன்னால் போனான், வழக்கம்போலக் கடைசிக் குண்டில் விட்டான். ஆனால் அன்றைக்கு ராக்ஸியின் கடைசிக் குண்டும் விலகிப்போனது.

இருவருக்கும் முன்னூற்று எழுபத்தொன்று!

சமம் வந்தால் அந்த கிளப்பில் ஒரு வழக்கம். துப்பாக்கியை மாற்றிக்கொண்டு ஆளுக்கு அஞ்சு குண்டு சுட வேண்டும். ஜெயிப்பது ஆளா ஆயுதமா என்று தெரிந்துவிடும் அல்லவா? வெற்றிக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து போனதோ, அதைப் பாகம் பாகமாகக் கழற்றி மேசையில் பரப்பி ஊரே பார்க்கும். வருஷா வருஷம் ஜெயித்த துப்பாக்கிக்கு நடக்கிற மரியாதை அது.

க்ளிஃப் முகம் வெளுத்துவிட்டது. "மாத்திக்கணுமா? இந்த ஒரு தடவை கோப்பையை ஆளுக்குப் பாதியா வெச்சுக்கலாமே..." என்று இழுத்தான்.

"ஏன், பொம்மையைப் பார்த்து பயமா?" என்றான் டுவேன். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானா?

ராக்ஸி, க்ளிஃபின் துப்பாக்கியை வாங்கினாள். போல்ட்டை இழுத்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி மெர்லைப் பார்த்தாள்.

"பயப்படாதேம்மா! அதுக்கே கண்ணு தெரியும். நீ சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்," என்று கிழவர் கத்தினார்.

"சரிங்க சார்," என்றாள்.

சுட்டாள். பத்துக்கு ஏழு, ஆறு, ஏழு, நாலு. அஞ்சாவது குண்டு குறி அட்டையிலேயே படவில்லை.

டுவேன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடுத்து க்ளிஃப், ராக்ஸியின் நகலைத் தூக்கினான். அஞ்சு குண்டும் நட்டநடுவில்! கோப்பை அவனுக்கு.

ராக்ஸியின் துப்பாக்கியைக் கழற்றி மேசையில் பரப்பினார்கள். "பொம்மைன்னு சொன்னோமே, என்னமா செஞ்சிருக்கான்!" என்று பெரிசுகள் மூக்கில் விரல் வைத்தார்கள். மெர்ல் மகனைக் கட்டிக்கொண்டு, "என் துப்பாக்கியில பழகின கைடா இது!" என்று அழுதார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் டுவேன் பொரிந்து தள்ளினான்.

"அந்தக் கோப்பையில இதுவரைக்கும் ஒரு பொம்பளை பேர் கிடையாது. உன் பேர் முதல்ல ஏறணும்னு ஒரு ஞாயித்துக்கிழமை விடாம பழகினே. கடைசியில அந்த வாய்ச்சவடால்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே! கை நடுங்கிடுச்சா?"

"எனக்காவது, நடுங்குறதாவது! வேணும்னேதான் விட்டேன்."

டுவேன் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

"அவன் துப்பாக்கிக்குள்ள வார்ப்புத் தடம் இருக்கு டுவேன், உருக்கி அச்சுல ஊத்தினா விழுற கோடு. அந்தக் காலத்துல இரும்பை அடிச்சு, கடைஞ்சுதான் செஞ்சாங்க, வார்க்கல. அதுவும் நகல்தான். வெளியில தேய்ச்சுத் தேய்ச்சுப் பழசாக்கி வெச்சிருக்கான்."

"அடப்பாவி! அப்ப அசல் எங்கே?"

"வித்தானோ, திருட்டுப் போச்சோ, என்ன கஷ்டமோ! எனக்குத் தெரியாது. அவங்கப்பாவுக்கும் தெரியாது."

"நீ ஜெயிச்சிருந்தா அவன் துப்பாக்கியை இல்ல மேசையில கழற்றியிருப்பாங்க? அவன் குட்டு உடைஞ்சிருக்கும்! நல்ல சான்ஸை விட்டுட்டியே!"

"அந்த மேசைக்குப் பயந்துதான் அவன் ஒவ்வொரு வருஷமும் கடைசிக் குண்டை வெளியே விட்டிருக்கான்." ராக்ஸி ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். "கோப்பை எங்கே ஓடிடப் போகுது? அடுத்த வருஷம் என் பொம்மையை வெச்சே எடுத்துக்கிறேன். பெத்த அப்பா மனசு நோகக் கூடாதுன்னு ஒருத்தன் ஒன்பது வருஷமா தோத்திருக்கான். நான் ஒரு தடவை தோத்தா குறைஞ்சா போயிடுவேன்?"