வெள்ளைத் தொப்பிக்காரனின் முதுகு

திரையில் வெள்ளைத் தொப்பி அணிந்த கதாநாயகன் வெள்ளைக் குதிரையில் தப்பியோடத் தொடங்கியதும், அரங்கின் இடப்பக்க வரிசைகள் எழுந்து ஆரவாரம் செய்தன.

வலப்பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரத்துகிற தங்கள் செவ்விந்திய இனத்தவரை விட்டுவிட்டு, தப்பிக்கிறவனுக்காக நவஹோக்கள் கைதட்டுவதை ஹால்ப்ரூக் நகரம் அதுவரை கண்டதில்லை.

யானபா எழவில்லை, கைதட்டவுமில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த தாயின் போர்வை நுனியை இறுகப் பற்றிக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்தவன் அவளுடைய கணவன் ஹாஸ்கி.

சென்ற கோடையில் படக்குழு அவர்கள் ஊர்ச் செம்பாறைகளுக்கிடையே கூடாரம் அடித்தது. சுவரொட்டிகளில் சிரிக்கிற நடிகருக்குக் குதிரை நடக்கலாம், ஓடக் கூடாது என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஆகவே அவருடைய சட்டையும் தொப்பியும், அவருக்கென்று பழக்கிய சோம்பேறிக் குதிரையும் ஹாஸ்கியிடம் வந்தன. கூந்தல் முடிச்சைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு அவன் புறப்பட்டான்.

துரத்தியவர்கள் அனைவரும் அவனுடைய உறவினர்கள். அவர்களுள் முதல் ஆளாக வந்தவன் யானபாவின் தம்பி டான்.

துரத்துகிறவர்கள் எக்காரணம் கொண்டும் எட்டிப் பிடித்துவிடக் கூடாது என்பது இயக்குநரின் கட்டளை.

அந்தக் கட்டளையே வினையாயிற்று. தான் குதிரையை இழுத்துப் பிடித்ததாகவும், இல்லாவிட்டால் பாதி வழியிலேயே மச்சானைக் காலரோடு தூக்கியிருப்பேன் என்றும் டான் எங்கும் சொல்லிவந்தான். மைத்துனன்மார் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபப்படுகிறவன் தோற்றவன். ஹாஸ்கி கோபப்படவில்லை. ஆனால் குளிர்காலம் முழுவதும் அவன் சரியாகச் சாப்பிடவுமில்லை.

தீர்ப்புச் சொல்லத் தகுதி உடையவர் ஒருவரே: யானபாவின் தாய். மந்தை அவருடையது, டான் ஏறிச் சென்ற குதிரை உட்பட, குதிரைகளும் அவருடையவை. குதிரை விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

ஆனால் நவஹோக்களின் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்கலாகாது. பார்த்தால் கண் கெடும். அவன் வருகிறான் என்று யாரேனும் குரல் கொடுத்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மணமாகி இத்தனை ஆண்டுகளில் அவன் குதிரை ஏறி அவர் கண்டதேயில்லை.

இன்றும் அவர் உள்ளே இருந்தபடியால் அவன் வெளியே பிக்கப் வண்டியில் இருந்தான். தன் ஓட்டத்தை அவனே இன்னும் பார்த்திருக்கவில்லை.

திரையில் முதுகைப் பார்ப்பதில் குற்றமில்லை என்று தாய் தாமே முடிவுசெய்திருந்தார். தற்செயலாக முகம் தெரிந்துவிட்டால் போர்வையை இழுத்து அவர் கண்களை மூடுவது யானபாவின் பொறுப்பு.

பின் வரிசையில் இருந்த டான் அவள் காதருகே குனிந்தான்.

"பயப்படாதே அக்கா, முகம் வராது. செவ்விந்தியத் தலைவனோட மகன் வேஷம் தர்றேன், ஊரே உன் மூஞ்சியைப் பாக்கும்னு டைரக்டர் கெஞ்சினார். மச்சான்தான் மாட்டேன்னுட்டார். அவரும் கண்ணாடி பாத்திருப்பாருல்ல."

அவளுக்கும் அது ஆறாத மனக்குறை. ஏன் மறுத்தாய் என்று பலமுறை கேட்டிருக்கிறாள். அவன் ஒருமுறையும் ஒழுங்கான விடை தரவில்லை.

திரையில் குதிரை வறண்ட ஓடையைத் தாண்டியது. வெள்ளைச் சட்டை காற்றில் உப்பியது. அவன் உடம்பு சேணத்தை விட்டு ஒரு விரல்கூட எழவில்லை. பின்னால் புழுதி, புழுதிக்குள் டான். ஒவ்வொரு பாறையைக் கடக்கும்போதும் இருவருக்கும் இடையிலிருந்த தூரம் கூடிக்கொண்டே போயிற்று.

தாய் முன்னால் சாய்ந்தார். சேணத்தில் இருப்பவர்போல் அவருடைய முழங்கால்கள் இருக்கையை இறுக்குவதை யானபா உணர்ந்தாள்.

பிறகு நடிகரின் முகம் திரையை நிறைத்தது. ஒரு துளி வியர்வை இல்லாத முகம். இடப்பக்க வரிசைகள் விழுந்து விழுந்து சிரித்தன. யானபா போர்வையை விட்டாள்.

கதாநாயகன் கதாநாயகியை மணந்தான், விளக்குகள் எரிந்தன, அனைவரும் வாசலுக்கு வந்தார்கள்.

வெளியே பிற்பகல் வெயில். அவர்கள் வருவதைக் கண்ட ஹாஸ்கி, வண்டிக்குள் மறுபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். தாய் வண்டிக்கு முதுகு காட்டி நின்றார். சுற்றிலும் உறவினர்கள் காத்திருந்தார்கள். அவர் மகனைப் பார்த்து, ஆனால் வண்டிவரை கேட்கும்படி பேசினார்.

"எங்கடா நீ இழுத்துப் பிடிச்ச? ஓடை தாண்டினதுலேருந்து குதிகாலால உதைச்சுக்கிட்டே வந்த. என் குதிரையோட விலாதான் பாவம்."

உறவினர்கள் சிரித்தார்கள். டானும் சிரித்தான், சிரிக்கத்தான் வேண்டும், அதுவே முறை. வண்டிக்குள் ஹாஸ்கியின் தோள்கள் மெல்ல நிமிர்வதை யானபா பார்த்தாள்.

தாய் அவள் பக்கம் திரும்பினார். வளைவில் கடிவாளத்தைத் தளர்த்தியது சற்றுத் தாமதம், மற்றபடி குறையில்லை என்று அவனிடம் சொல்லச் சொன்னார். எந்த ஆண்மகனைப் பற்றியும் அவர் வாயிலிருந்து அதுவரை அவ்வளவு பாராட்டு வந்ததில்லை.

சில அடிகள் நடந்தவர் நின்றார். இம்முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் வந்து பாக்கணும்னுதான் அவன் முகத்தைக் காட்டாம விட்டிருக்கான். அடுத்த படத்துலயும் அப்படியே இருக்கச் சொல்லு."