மாடியிலிருந்து விழுந்த மாம்பழம்

அம்பகரத்தூர் காளியம்மன் மேல சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல் மொத்தமும் கொட்டிப் போகட்டும். மிச்சமிருக்கிற ரெண்டும்!

சிவப்ரியாவுக்கு அப்பா மேல அப்படி ஒரு கோபம். பின்னே? காரைக்காலில் பி.ஏ. வரலாறு சேரணும்னு அவள் ஆசைப்பட்டால், அப்பா சோமசேகரன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்.

"செத்துப்போன ராஜாக்களைப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே? சிவில் இன்ஜினீயரிங்தான்! அண்ணன்கிட்டயே சொல்லிடறேன்!"

அந்த வீட்டில் சோமசேகரனின் அண்ணன் முருகானந்தம் சொன்னதுதான் சட்டம். ஆனால் தம்பி எதைச் சொன்னாலும் அவருக்கு எதிர்ப்பாட்டு. "மழை வரும்ண்ணே" என்று தம்பி சொல்லிவிட்டால் போதும், குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். தொப்பலாக நனைந்து வந்து, தும்மிக்கொண்டே "எங்கடா மழை?" என்பார்.

அன்றைக்கும் எகிறினார்.

"ஏன்டா, மோட்டார் ரிப்பேருக்கு ஆள் இருக்கான். வீடு கட்ட ஆள் இருக்கான். கடைமடைக்கு ஏன் தண்ணி வரலைன்னு அதிகாரி முன்னாடி நின்னு கேட்க நம்ம வீட்டுல யாரு இருக்கா? மூணு பக்கமும் தமிழ்நாடு, நாம மட்டும் ஏன்டா பாண்டிச்சேரி? தெரியுமா உனக்கு?"

"அது வந்துண்ணே..."

"தெரியாதுல்ல? பேசாத! நாலு மனுஷனைப் புரிஞ்சுக்கிட்டு, நியாயமா ஒரு கேள்வி கேட்கத் தெரியணும்டா. அதுதான் படிப்பு! புள்ளை வரலாறுதான் படிக்கும். நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்க்கிறேன்!"

சோமசேகரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சிவப்ரியா பெரியப்பா காலில் விழுந்தாள். அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவள் வரலாறு சேர்ந்த அடுத்த வாரம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சாமி ஊர்வலம் வர வர, நேர்ந்துகொண்டது பலித்தவர்களெல்லாம் மாடியிலிருந்து மாம்பழம் வீச, கீழே ஒரே தள்ளுமுள்ளு! துப்பட்டாவை விரித்து நின்ற சிவப்ரியாவுக்குப் பொத்தென்று ஒன்று விழுந்தது. நிமிர்ந்தாள்.

அத்தை வீட்டு மொட்டை மாடியில் அப்பா! கூடையிலிருந்து வாரி வாரி இறைக்கிறார்.

மேலே ஓடினாள். "நான் வரலாறு சேர்ந்ததுதான் உங்களுக்குப் பிடிக்கலையே. அப்புறம் என்னப்பா வேண்டுதல்?"

சோமசேகரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா! பெரியப்பா கீழதான் நிக்கிறாரு. வரலாறு வேணும்னு நான் கேட்டிருந்தா, உன்னைச் சிமென்ட் கலக்கத்தான் அனுப்பியிருப்பாரு!"

இப்போது "எம்.ஏ. மட்டும் கூடவே கூடாது" என்று சோமசேகரன் கத்த ஆரம்பித்திருக்கிறார். இந்தச் சூட்சுமம் மட்டும் முருகானந்தம் காதுக்குப் போனால் போச்சு. நான் சொன்னேன்னு மூச்சு விட்றாதீங்க!