வாசித்தவர் பெயர்

ஜோதிக்கு ஒலி காதில் விழுந்தால் கண்ணில் நிறம் தெரியும். கோயில் நாதஸ்வரத்தையும் கேசட் பாட்டுகளையும் அவள் அப்படியே படமாக வரைந்து வைத்திருந்தாள். சென்னையில் ஓவியக் கண்காட்சி நடத்தும் ஆலன், படங்களைத் தேர்ந்தெடுக்க ஆம்பூருக்கு வந்திருந்தார்.

கறுப்பும் சிவப்புமாய்ச் சுழலும் ஒரு படத்தின் முன் அவர் நின்றுவிட்டார்.

"இது எந்தப் பாட்டும்மா?"

"பாட்டு இல்ல சார். டிரம்மு."

"அபாரம்! நடுவுல கீறினாப்போல இந்த வெள்ளைக் கோடு?"

"அது எங்க வூட்டுக்காரரு சாமிநாதன் குரலு."

"ஓ, பாடிக்கிட்டே வாசிப்பாரா? கில்லாடிதான்!"

ஜோதி படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் படத்துக்குக் கீழ அவரு பேரு வரணும் சார். மத்த படம்லாம் நீங்க வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி," என்றாள்.

"தாராளமா! வாசிச்சவர் பேரைப் போடாம இருப்போமா? அந்த டிரம்மையும் குடுங்க, பக்கத்துலயே வச்சிடலாம். ஜனங்க தொட்டுப் பாக்கட்டும்."

"அது ஒரு ரூம் அளவு இருக்கும் சார். தோல் பதனிடற கம்பெனில தோலைப் போட்டுச் சுத்தற மர டிரம்மு. இவரு உள்ள எறங்கிக் கழுவிக்கிட்டிருந்தாரு. யாரோ தெரியாம சுவிட்சைப் போட்டுட்டாங்க. நான் வெளிய தோல் காய வச்சிக்கிட்டிருந்தேன்."

ஆலன் திரும்பி அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"பேரை மட்டும் மறந்துடாதீங்க சார்," என்றாள் ஜோதி. "அப்படி ஒரு ஆளு எங்ககிட்ட வேலையே செய்யலன்னு கம்பெனில சொல்லிட்டாங்க."