தாயில்லாத பதினோரு குஞ்சுகள்

ஷரோபத் அக்காவின் கறுப்புக் கோழிக்கு நான் ஐந்து லட்சம் சோம் வரை விலை ஏற்றிக் கேட்டேன். புகாரா சந்தையில் அந்தப் பணத்துக்கு ஆறு கோழி வாங்கலாம். ஆனால் கிசில்கும் பாலைவன மணலில் குளிர்காலத்தில் பொரித்து, ஒரு குஞ்சைக்கூடச் சாகவிடாத கோழி எந்தச் சந்தையில் கிடைக்கும்? அக்கா மசியவில்லை.

ஜனவரியில் அந்தக் கோழியை நரி கொண்டுபோனது. எட்டு நாள் வயதில் பதினோரு குஞ்சுகள் மிஞ்சின. அன்றே போய் விலை பேசினேன்.

“காலையில எல்லாம் விறைச்சுக் கிடக்கும்க்கா. வந்த விலைக்கு இப்பவே தள்ளிவிடு.”

“உன் வாய்க்குப் பயந்து குளிரே ஓடிடும், எர்காஷ் தம்பி. இதுங்க போச்சுன்னா எனக்கு வேற பொழைப்பு ஏது? நாளைக்கு வந்து பாரு.”

மறுநாள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. அக்கா தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டில் ரொட்டி அடுப்புச் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் மணல், அதற்கும் மேல் வைக்கோல் போட்டிருந்தாள். அப்படியொரு மெத்தையை நான் எங்கும் பார்த்ததில்லை. தொட்டுப் பார்த்தேன். சாம்பல் எப்போதோ ஆறியிருந்தது. வைக்கோல் மட்டும் கதகதவென்று இருந்தது.

“சூடு எங்கேருந்துக்கா வருது?”

“பாதிய நான் பாத்துக்கறேன். மீதிய அவ பாத்துக்கறா.”

“எவ?”

“தலைய உள்ள விட்டு எண்ணிப் பாரேன், வியாபாரி!”

எண்ணினேன். நடுவில் ஒரு கோழி உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, பத்துக் குஞ்சுகள் வட்டமாகப் படுத்திருந்தன. அந்த வெற்றிடத்துக்கு மேலே, வைக்கோலிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதன்மீதும் இல்லாமல் உட்கார்ந்தபடி தூங்கியது ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று. கணக்கு சரி.